மேளக் கூடையில் கிடந்த குரல்

மௌகே தீவு
பிப்ரவரி 9

அன்புத் தம்பி தாவோரோவுக்கு அக்கா தெபாயேரு எழுதுவது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் நீண்ட ஆயுசோடு வைக்கட்டும். இங்கே எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. அதுவும் கல்யாண மாலைக்கு மைரே இலை பறிக்கக் காட்டுக்குள் போகும்போது வருவதில்லை, பாத்திரம் கழுவும்போதுதான் வருகிறது. சிட்னியில் வெயில் கொளுத்துகிறதாமே. தண்ணீர் நிறையக் குடி.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்தத் தீவில் போனில் பேசுவதும் கோவில் மணியடித்துச் சொல்வதும் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். அதுவும் போக, எங்கள் வீட்டுப் போன் உன் அத்தானுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் எடுத்தால் நீ வைத்துவிடுவாய். எனக்குக் கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அவரும் சளைக்காமல் எடுத்து "ஹலோ" சொல்லிவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டி, "ஒந் தம்பிதான். மறுபடி கூப்பிடுவான், இங்கயே நில்லு" என்பார். நீயும் மறுபடி கூப்பிடுவாய்.

நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில் அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கூடவே குரலும் போய்விட்டது. கழுத்தில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாக மூச்சு விடுகிறார். பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். சாப்பிடுகிறார், பன்றிகளுக்குத் தீனி வைக்கிறார், சேம்புத் தோட்டத்துக்குப் போகிறார். கோவிலுக்கு மட்டும் வருவதில்லை. பாட்டுக்குத் தாளம் உறுமும் ஆண்கள் வரிசையில் அவர் இடம் காலியாகவே கிடக்கிறது. மற்ற ஆண்கள் ஆளுக்கொரு திசையில் உறுமுகிறார்கள், கேட்கச் சகிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் கோடு போட்டு இரண்டு ஊருக்கும் பிரித்த நம் கோவிலின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து பாடிய அந்த ஒரே கேசட் ஞாபகம் இருக்கிறதா? ரரோடோங்காவிலிருந்து வந்த கேசட்டுக்காரன் நம்மைப் பாட வைத்துவிட்டு, ஊருக்குப் போய் அதன் மேல் கீபோர்டும் மேள மெஷினும் ஏற்றி, துதிப்பாட்டை டான்ஸ் பாட்டாக்கி விற்றானே, அதுதான். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் போட்டால் வாத்தியத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், நீ அதில் கெட்டிக்காரன் என்று இங்கே பிள்ளைகள் சொல்கிறார்கள். ஜூலையில் நற்செய்தி நாள் வருகிறது. பாட்டுப் பயிற்சிக்கு வேண்டும். கேசட்டை இதோடு வைத்திருக்கிறேன். மைரேப் பெட்டிகள் போகும் விமானத்தில்தான் வருகிறது, இலை வாசம் அடித்தால் திட்டாதே.

உன் பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல்.

அக்கா பாயேரு

*

மின்டோ, சிட்னி
மார்ச் 3

என் ஒரே அக்காவுக்கு,

கர்த்தரின் கிருபை உன் முழங்காலின் மேல் விசேஷமாக இறங்கட்டும். நாங்கள் எல்லோரும் நலம். குளிர்க் கிடங்கில் வேலை அப்படியேதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே நான் கம்பளிக் குல்லாயோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாயங்காலம் வெளியே வந்தால் மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி.

கேசட் வந்தது. மைரே வாசமும் வந்தது. கவரைப் பிரித்ததும் வீட்டில் யாருக்கோ கல்யாணம் போல இருந்தது.

நீ கேட்டது எனக்கு ஜுஜுபி வேலை. போன மாதம்கூட ஒரு சமோவாக்காரர் பிறந்தநாளுக்கு இப்படித்தான் பிரித்துக் கொடுத்தேன். விஷயம் இதுதான். பாட்டை உள்ளே கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை நாலு கூடையில் போட்டுத் தரும். ஒன்றில் குரல், ஒன்றில் மேளம், ஒன்றில் பேஸ் கிட்டார், மிச்சமெல்லாம் நாலாவதில். நமக்கு வேண்டியது முதல் கூடை. மற்ற மூன்றும் குப்பை.

அக்கா, கீபோர்டு போனதும் என்ன கேட்டது தெரியுமா? பாட்டுக்கு முன்னால் அந்த ஆள் அதை வாசித்து மூடியிருந்த இடத்தில் நமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கூராம்மா பேசுகிறார்! "ஏய், எவடி அது, மைக்கு முன்னாடி நின்னுட்டுப் பப்பாளி ஏப்பம் விடறது? ஆண்டவர் கேப்பாரு, அவருக்கு முன்னாடி ரரோடோங்காக்காரன் கேப்பான்." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்துவிட்டது. அப்புறம் நீ வந்தாய். மேலே, எல்லோருக்கும் மேலே, கூரையைத் தொட்டுக்கொண்டு உன் குரல். அதற்குக் கீழே என்னுடையது. நான் இவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நீயும் நானும் ஒரே பக்கம் நின்று பாடியதற்கு இது ஒன்றுதான் சாட்சி. அடுத்த வாரமே நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாய். நம் பக்கத்தின் உச்சக் குரல் போயே போய்விட்டது. அதுவும் யாரை நம்பிப் போனாய்! மூன்றாவது சரணத்தில் தாளத்தைக் கோட்டைவிட்ட ஆளை. மெஷின் மேளம் முன்னால் ஓட, பாட்டு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறதே, அதைக் கேட்டு இங்கே எத்தனை பேர் என்னிடம் சிரித்திருக்கிறார்கள் தெரியுமா?

நாடாக் கோளாறையெல்லாம் துடைத்துச் சுத்தம் பண்ணிவிட்டேன். மெமரி ஸ்டிக் இதோடு இருக்கிறது. ஒரு குரல்கூட விடவில்லை, எல்லோரும் இருக்கிறார்கள். போட்டுக் கேட்டுவிட்டு உன் தம்பியைப் புகழ்ந்து நீளமாக ஒரு கடிதம் எழுது.

ஆண்டவர் துணை.

தாவோரோ

*

மௌகே
மார்ச் 30

அன்புள்ள தாவோரோவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். பொட்டலம் வந்தது. நன்றி. இங்கே எல்லோரும் சுகம். மழை பெய்கிறது.

தெபாயேரு

*

மின்டோ
ஏப்ரல் 16

அக்கா,

உனக்கு என் வணக்கமும் ஆண்டவரின் சமாதானமும். உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா? கிடங்கில் பெட்டி மேல் ஒட்டும் சீட்டில்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் இருக்கும்.

என்ன ஆயிற்று? ஸ்டிக் வேலை செய்யவில்லையா? உப்புக் காற்றில் துரு ஏறிவிட்டதா? பாடல் குழுவுக்குப் பிடிக்கவில்லையா? இல்லை, கோட்டைத் தாண்டியதைச் சொன்னதற்குக் கோபமா? அதை வருஷா வருஷம் சொல்கிறேனே. நீயும் வருஷா வருஷம் "போடா போக்கத்தவனே" என்று திட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாயே. இந்தத் தடவை திட்டுகூடக் காணோம். அதுதான் பயமாக இருக்கிறது. சுகம் என்று எழுதியிருக்கிறாய். உனக்குச் சுகம் என்றால் பன்றி, பப்பாளி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சேர்த்துத்தானே எழுதுவாய்.

பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். டின் மாட்டிறைச்சியும் அந்தப் பெரிய பிஸ்கட் டின்னும் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். திட்டியாவது எழுது.

தாவோரோ

*

மௌகே
மே 4

தாவோரோவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உடம்பெல்லாம் நலம். திட்டு வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

நீ அனுப்பியது வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவருடைய வரிசை ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கூராம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தேங்காய்ப்பாலில் சேம்பிலை, பச்சை மீன், வாழைப்பழக் களி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அவருக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று சிலேட்டில் கேட்டார். "போட்டுக்கிட்டு நடுவுல உக்காருங்க, சொல்றேன்" என்றேன். சின்னப் பையன் மாதிரிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

போட்டேன். கூராம்மா தன் திட்டைத் தானே கேட்டுவிட்டு, "அந்த ஏப்பம் விட்டவ இப்ப போதகர் பொண்டாட்டி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வீடே சிரித்தது. அப்புறம் பெண்கள் பாடினோம். நீ பாடினாய். செத்துப்போனவர்கள்கூடப் பாடினார்கள், சிலர் அழுதார்கள். அவர் முன்னால் குனிந்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தன் வரிசை உள்ளே வரும் இடத்துக்குக் காத்திருந்தார்.

வரவில்லை. ஒரு உறுமல்கூட இல்லை. மேல் குரல்கள் மட்டும் தரையில்லாத வீடு போல அந்தரத்தில் நிற்கிறது. கூராம்மாதான் கேட்டார். "என்னடி இது, ஆம்பளைங்க எல்லாம் பாட்டுக்கு நடுவுல மீன் பிடிக்கப் போயிட்டாங்களா?" இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்தார். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். பன்றிகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். அவற்றுக்குக் காலையிலேயே வைத்தாகிவிட்டது.

பயிற்சிக்கு என்று உனக்கு எழுதினேன். பயிற்சிக்கு இல்லை. அவருக்காகத்தான் கேட்டேன். அப்படிச் சொன்னால் நீ செய்ய மாட்டாய் என்று சொல்லவில்லை. தொண்டை போவதற்கு முன்னால் இந்த மனுஷன் என்னவாக இருந்தார் என்பதை அவர் காதாலேயே ஒரு தடவை கேட்டால், எழுந்து கோவிலுக்கு வந்து தன் இடத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். குரல் இல்லாவிட்டால் போகிறது, ஆள் வந்து உட்கார்ந்தால் போதும் எனக்கு. பக்கத்தில் அவர் இல்லாத கோவிலுக்குள் எனக்குப் பாட்டே வரவில்லையடா.

உனக்கு அவரைப் பிடிக்காது. சரி. போனை வைத்தாய், பொறுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தில் என் பெயரை மட்டும் எழுதினாய், அதையும் பொறுத்துக்கொண்டேன். துதிப்பாட்டிலிருந்து ஒரு மனுஷனை வெட்டி எடுக்கலாமா? அவர் ஒருத்தரை வெட்டுவதற்காக ஒரு வரிசையையே வெட்டினாயா? "ஒரு குரல்கூட விடவில்லை" என்று வேறு எழுதினாய்.

பிஸ்கட் டின் வந்தது. திறக்கவில்லை.

தெபாயேரு

*

மின்டோ
மே 19

அக்கா, அக்கா,

உனக்கும் அவருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். இதை வாசல்படியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், காலணிகூடக் கழற்றவில்லை.

நான் வெட்டவில்லை. அப்பா அம்மா மேல், நம் கோவில் மேல் சத்தியம். கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். குப்பை என்று எழுதினேனே, அந்த மற்றக் கூடைகள், அவற்றை நான் அழிக்கவில்லை, கிடக்கின்றன. மேளக் கூடையைத் திறந்தேன். உள்ளே இருந்தது யார்? உன் வீட்டுக்காரர்! அவரும் அவர் வரிசையும், அந்தப் பாழாய்ப்போன மெஷினோடு சேர்ந்து ஹுக், ஹுக் என்று உறுமிக்கொண்டு.

இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் நம் ஊர்ப் பாட்டைக் கேட்டதில்லை. பாட்டு என்றால் சொல் இருக்கும், ராகம் இருக்கும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு வரிசை ஆண்கள் சொல்லே இல்லாமல் அடித்தொண்டையில் உறுமி மொத்தப் பாட்டையும் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தாளத்தில் விழுகிறதா, அப்படியானால் மேளம்தான் என்று தூக்கி அங்கே போட்டுவிட்டது.

அக்கா, ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்கு நீ திட்டலாம். நான் வெட்டவில்லைதான். ஆனால் அவர் இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. முழுப் பாட்டையும் ஏழெட்டுத் தடவை கேட்டேன். உன்னைக் கேட்டேன், என்னைக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் என்னைக் கேட்டேன். தரை இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்சம் பொறு. அவரை அந்த மெஷினிடமிருந்து பிரித்து எடுக்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் உதவாது, நான்தான் செய்ய வேண்டும். செய்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை சட்டையைப் பெட்டியில் வைத்துவிடாதே.

தாவோரோ

*

மின்டோ
ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா, அவர் சுகமாக இருக்கிறாரா? பதில் வரவில்லை. வரட்டும், அதற்குள் நானே எழுதுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

வேலை முடிந்தது. எப்படி என்று கேள். அந்த மெஷின் ஒரே அடியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறது. பாட்டின் ஆரம்பத்தில் அது மட்டும் தனியாக அடிக்கும் இடம் கொஞ்சம் இருக்கிறது. அதை நகல் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அதே அடியின் மேல் கச்சிதமாக வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், சத்தமே இருக்காது. அதுதான் வித்தை. ஆனால் உன் கேசட் பழசு. நாடா இழுபட்டிருக்கிறது, ஒரு அடி போல அடுத்த அடி இல்லை. ஒவ்வொன்றையும் கையால் பிடித்து, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் நகர்த்தி உட்கார வைத்தேன். கிடங்கிலிருந்து வந்ததும் இதே வேலை. என் வீட்டுக்காரி வந்து கேட்டு, "ஏங்க, யாருக்காவது வயித்து வலியா?" என்றாள். கடைசியில் மெஷின் போய்விட்டது. மிச்சம் இருந்தவர் அவர். பக்கத்தில் மற்றவர்களும் இருக்கிறார்கள், லேசாக. மைக் அவர் வாய்க்கு நேராக இருந்திருக்க வேண்டும்.

அவரைத் தனியாக நான் கேட்டதே இல்லை அக்கா. போனில் "ஹலோ" வரைக்கும்தான் கேட்டிருக்கிறேன். அந்த உறுமலில் சொல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆள் யார் என்று தெரிகிறது. அவசரமில்லாத ஆள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து படுக்கிறவர் மாதிரி.

இப்போது மூன்றாவது சரணத்துக்கு வருகிறேன். அதில் நீ உச்சத்துக்குப் போகும் இடம். போன தடவை உன் குரலைப் பிரித்தபோது அங்கே ஒரு சின்னச் சத்தம் இருந்தது, நாடாக் கோளாறு என்று துடைத்துவிட்டேன். இப்போது அவரையும் உன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது சந்தேகம் வந்தது. துடைக்காத பழைய நகலைத் திரும்பப் போட்டேன். அது கோளாறு இல்லை. உன் மூச்சு. அந்த இடத்தில் உனக்கு மூச்சு தவறியிருக்கிறது. நீ நின்றுவிட்டாய்.

அங்கே அவருடைய உறுமல் விழ வேண்டும். விழவில்லை. மெஷின் தன்பாட்டுக்கு முன்னால் ஓடிவிட்டது, அது பிற்பாடு ஏற்றியது, அதற்கு என்ன தெரியும். இவர் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்தியதால் அவருடைய வரிசை நிற்கிறது. வரிசை நின்றதால் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம், நான் உட்பட, ஏன் நிற்கிறேன் என்றே தெரியாமல். நீ மூச்சை இழுக்கிறாய். இழுத்து முடித்த பிறகுதான் அவர் அடியை வைக்கிறார். நீ அதன் மேல் கால் வைத்து ஏறிப் போய்விடுகிறாய்.

தாளத்தைக் கோட்டைவிட்டார் என்று ஊர் பூராவும், சிட்னி பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. அவர் கோட்டைவிடவில்லை. உனக்காகக் காத்திருந்தார். உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த தம்பிக்கு அது தெரியவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

புது ஸ்டிக் இதோடு இருக்கிறது. எல்லோரும் இருக்கிறார்கள். உன் மூச்சையும் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டாவது பாட்டாக, அத்தான் மட்டும் தனியாக.

உன் தம்பி
தாவோரோ

*

மௌகே
ஜூன் 27

என் தங்கத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னை உன் பிள்ளைகளின் பிள்ளைகளைக் காணும் மட்டும் வாழ வைக்கட்டும். நான் நலம், முழங்கால்கூட நலம். பிஸ்கட் டின்னைத் திறந்தாகிவிட்டது, பாதிதான் மிச்சம்.

இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து, "தாவோரோ அனுப்பிச்சிருக்கான், ஒங்களுக்குன்னு" என்றேன். உன் பெயரைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன் கடிதத்தையும் கொடுத்தேன். படித்தார், மடித்தார், பிளேயரை எடுத்துக்கொண்டு பன்றிக் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் நின்றுகொண்டு காதைத் தீட்டினேன். கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள்ளிருந்து ஹுக், ஹுக் என்று அவர் குரல். தம்பி, அந்தச் சத்தத்தை இனி இந்த வீட்டில் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. பன்றிகள் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. புதுசாக ஏதோ பெரிய ஆண் பன்றி வந்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

சிலேட்டோடு திரும்பி வந்தார். "நான் இவ்ளோ சத்தமாவா இருந்தேன்?" என்று எழுதியிருந்தார். "அதுக்கு மேல" என்றேன். சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

துடைத்த மூச்சைத் திரும்ப வைத்ததற்கு நன்றி. அவர் காத்திருந்தது எனக்கு அப்போதே தெரியும். அன்றைக்கு எனக்கு ஏன் மூச்சு தவறியது என்று மட்டும் கேட்காதே. நீ தம்பி, கேட்கக் கூடாது.

கோவிலைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நற்செய்தி நாளுக்கு மேடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். சட்டை நாற்காலியில்தான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை. நீ அவருக்கு இரண்டு வரி எழுதினால் என்ன?

அக்கா பாயேரு

*

மின்டோ
ஜூலை 6

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

தங்கள் உடல்நலத்துக்காக இங்கே எல்லோரும் ஜெபம் செய்கிறோம். இதை எழுதி எழுதிக் கிழித்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. உங்களை இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லையே.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதற்காக உங்கள் மேல் கோபமாக இருந்தேன். தாளம் தெரியாத ஆள் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கோபத்தைச் சூடாகவே வைத்திருந்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது, காதால் கேட்டுவிட்டேன்.

நீங்கள் கோவிலுக்குப் போவதில்லை என்று அக்கா எழுதினாள். நான் சொல்வது தப்பென்றால் மன்னியுங்கள். ஒரு மாதமாக உங்களோடு உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த வரிசை உங்கள் சத்தத்தை மட்டும் பின்பற்றவில்லை. நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைத்தானே ஆக்லாந்தில் எடுத்தார்கள். நிறுத்தத் தெரிந்த ஆள் இன்னும் இருக்கிறாரே, அத்தான்.

பன்றிகளைப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன்.

தங்கள் மைத்துனன்
தாவோரோ

*

மௌகே
ஜூலை 25

தாவோரோவுக்கு ஆபேரா எழுதுவது.

நீ நீடு வாழ்க. நான் நலம். நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. சிலேட்டு பழகிவிட்டதால் பெரிதாக எழுதினால் கை அழிக்கப் போகிறது.

நற்செய்தி நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. தூசியைக்கூட யாரும் தட்டவில்லை, நானே தட்டினேன். நம் பாட்டு வந்தது. முன் பெஞ்சின் முதுகில் உள்ளங்கையால் அடித்தேன். முதல் சரணத்தில் பையன்களுக்குப் புரியவில்லை. இரண்டாவதில் புரிந்தது. கையைப் பார்த்து உறுமினார்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது.

மூன்றாவதில் அவள் மேலே போனாள். வயதாகிவிட்டது, இப்போது இன்னும் நிறைய மூச்சு வேண்டியிருக்கிறது. கையைத் தூக்கியே வைத்திருந்தேன். கோவில் முழுக்க நின்றது, எதிர்ப்பக்கம்கூட நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். மூச்சை எடுத்தாள். கையை இறக்கினேன்.

வெளியே வந்ததும் கூராம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "ஆபேரா, நீ வாயை மூடிட்ட பிறகுதான்டா பாட்டே உருப்பட்டிருக்கு" என்றார். போதகர் மனைவி அவரை விட்டுத் தள்ளியே நிற்கிறார்.

நீ பாடியதையும் கேட்டேன். நன்றாக இருக்கிறது. எல்லாச் சரணத்திலும் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கேசட் வந்த நாளிலிருந்து தெரியும். போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், நீ வைத்துவிடுகிறாய்.

போன் இப்போதும் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடு. உன் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், நான்தான் எடுப்பேன். பேச்சு வராது. ரிசீவரில் விரலால் தட்டுவேன்.

வைத்துவிடாதே. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வரும் வரை இரண்டு பேரும் காத்திருப்போம்.

உன் அத்தான்
ஆபேரா